அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்: காத்திருப்பதா, கழற்றுவதா, ஃபார்மேட் அடிப்பதா?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடும். அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அதனால் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் கோளாறு தெரியவருவது பெரும்பாலும் புதன்கிழமை காலையில்தான். ராத்திரி துபாயிலிருக்கும் பையனோடு வீடியோ காலில் பேசிவிட்டு மூடி வைத்த லேப்டாப்பைக் காலையில் திறந்தால், புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

"மக்கா, வட்டம் கறங்கிட்டே கெடக்கு, உள்ள போகல. மார்த்தாண்டத்துல குடுத்து ஃபார்மேட் அடிச்சிரட்டா?" சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். அடிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஃபார்மேட், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது, எல்லா வழிகளுக்கும் கடைசியில் நிற்க வேண்டிய வழி. நம் ஊரிலோ அது முதல் வழியாகிவிட்டது. அதற்கு முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன, எந்தக் கோளாறுக்கு எது பொருந்தும், எதில் என்ன இழப்போம் என்று பார்க்கலாம்.

முதலில் அப்டேட்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் திறக்கிறது என்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. நேற்றோ முந்தாநாளோ ஏதாவது ஏறியிருந்தால் சந்தேகப்படலாம். மூன்று வாரமாக எதுவும் ஏறவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க், ரேம், சார்ஜர் என்று வேறு பக்கம் தேடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பழியை அப்டேட் மேல் போட்டால் நேரம்தான் வீண்.

காத்திருப்பது எப்போது சரி

திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். சுழலும் வட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம்கூட நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து பவர் பட்டனை அழுத்துவதால் கெட்டுப்போகும் கம்ப்யூட்டர்கள், அப்டேட்டாலேயே கெட்டுப்போகிறவற்றை விட அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை. ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை தொடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காற்றடித்து ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை அப்படிப்பட்ட ராத்திரியில் அப்டேட் ஏற விட வேண்டாம். பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப் என்றால் இந்தக் கவலை இல்லை.

உள்ளே போகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றாலும் காத்திருக்கலாம். அப்டேட் ஏறிய முதல் சில மணி நேரம் பின்னணியில் வேலை நடந்துகொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டும். சார்ஜரை மாட்டி அரை நாள் விடுங்கள். மறுநாளும் அதே கதை என்றால்தான் அடுத்த வழி.

காத்திருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. தவறு மைக்ரோசாஃப்ட்டுடையது என்றால் அவர்களே திருத்தம் அனுப்புவார்கள். 2021 மார்ச் 9-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சில பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்தாலே கம்ப்யூட்டர் நீலத் திரையாகி நின்றது. மார்ச் 15-ல் திருத்தம் வந்துவிட்டது. பாதுகாப்பு சம்பந்தமில்லாத சில மாற்றங்களை அவர்கள் தூரத்திலிருந்தே அணைத்துவிடவும் முடியும். நாம் செய்ய வேண்டியது இணையத்தில் இணைத்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதுதான். அன்றாட வேலை ஓடுகிறது, ஒரே ஒரு வசதி மட்டும் கெட்டிருக்கிறது என்றால் ஒரு வாரம் பொறுப்பது தோல்வியல்ல, நல்ல முடிவு.

கழற்றுவது: பலருக்குத் தெரியாத வழி

கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை, அல்லது திறந்து திறந்து நீலத் திரையாகிறது என்றால் நான் முதலில் கை வைப்பது இங்கேதான். கடைசியாக ஏறிய அப்டேட்டை மட்டும் கழற்றிவிடலாம். படங்கள் போகாது, டாலி என்ற கணக்கு மென்பொருள் போகாது, எதுவும் போகாது.

உள்ளே போக முடிந்தால் அப்டேட் ஹிஸ்டரியிலேயே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். போக முடியாவிட்டால் ரிகவரி திரைக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்து, கம்பெனி லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன், மறுபடி அதே போல. மூன்றாவது முறை ஆன் செய்யும்போது விட்டுவிடுங்கள்; தானே பழுது பார்க்கப் போவதாகச் சொல்லி ஒரு நீலப் பலகை வரும். சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது. அந்தப் பலகையில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. உள்ளே இரண்டு வரி இருக்கும். ஒன்று குவாலிட்டி அப்டேட், மாதாமாதம் வருவது. இன்னொன்று ஃபீச்சர் அப்டேட், வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய மாற்றம். முதலில் குவாலிட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

ஃபீச்சர் அப்டேட்டுக்கு ஒரு கெடு உண்டு: ஏறிய பத்து நாளுக்குள்தான் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் முந்தைய விண்டோஸ் நிறுவலை அழித்துவிட்டால் அந்தப் பத்து நாளும் கிடையாது. ஆகவே பெரிய அப்டேட் ஏறியதும் முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், பயோமெட்ரிக் கருவி எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். கழற்றிய அப்டேட் சும்மா இருக்காது, இரண்டொரு நாளில் தானே மறுபடி ஏறும். எனவே கழற்றிய கையோடு அப்டேட்டை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' பட்டனை அழுத்திவிட வேண்டும். 2025 அக்டோபர் 14-ல் வந்த விண்டோஸ் 11 அப்டேட் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது: ரிகவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. காப்பாற்ற வேண்டிய கதவே பூட்டிக்கொண்டது. ஆறு நாளில், அக்டோபர் 20-ல், தனியாகத் திருத்தம் விட்டார்கள். அரிதான சம்பவம்தான். ஆனால் இந்த வழியும் நூற்றுக்கு நூறு அல்ல என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கம்ப்யூட்டரின் அமைப்பை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரை ஒரு மாற்றாகச் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் பல கம்ப்யூட்டர்களில் அது ஆன் செய்யப்படாமல்தான் இருக்கும். தேவைப்படும் நாளில் போய்ப் பார்த்தால் ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றும் இருக்காது. இன்றைக்கே ஆன் செய்து வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும்.

சத்தம் வரவில்லை, வைஃபை காணோம், பிரிண்டர் அசையவில்லை என்ற வகைக் கோளாறுகளுக்கு முழு அப்டேட்டையும் கழற்ற வேண்டியதில்லை. அப்டேட்டோடு டிரைவரும், அதாவது அந்தக் கருவியை இயக்கும் சிறு மென்பொருளும், மாறியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் மேல் வலது கிளிக், பிராபர்ட்டீஸ், டிரைவர் தாவல், 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் கம்பெனி தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடலாம். வைஃபையே போய்விட்டால் போனை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் இணையம் கிடைத்துவிடும்.

ரீசெட்டும் கடை ஃபார்மேட்டும்

மேலே சொன்னது எதுவும் பலிக்கவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டிய நிலை. இதற்குள்ளும் மூன்று வகை உண்டு, அவற்றுக்கிடையே வித்தியாசம் பெரியது.

விண்டோஸ் 11 ஓரளவாவது திறக்கிறது என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போங்கள். விண்டோஸ் அப்டேட் வழியாகவே இப்போதுள்ள பதிப்பை மறுபடி நிறுவும் வசதி அங்கே இருக்கிறது. கோப்புகள், மென்பொருள்கள், செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10-ல் இதையே நிறுவல் பென்டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டி, எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்துச் செய்யலாம். கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

திறக்கவே இல்லை என்றால் ரிகவரி திரையில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. உங்கள் கோப்புகள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போகும். டாலி, போட்டோஷாப், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர், பாமினி எழுத்துரு எல்லாம் திரும்பப் போட வேண்டும். வீட்டிலேயே டிடிபி வேலை எடுத்துச் செய்யும் அக்காமாருக்கு அது ஒரு முழு நாள் வேலை. நிறுவும் கோப்புகளை இணையத்திலிருந்து எடுக்கவா, கம்ப்யூட்டரில் இருப்பதையே பயன்படுத்தவா என்று கேட்கும். இணையத்திலிருந்து என்றால் ஏறத்தாழ 4 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜில் அது நடக்காது. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, கடையில் அடிக்கும் ஃபார்மேட். கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வரிசையாகப் பத்து லேப்டாப் காத்திருக்கும்போது ஒரு மணி நேரத்தில் முடியும் வழியைத்தான் அவர்கள் எடுப்பார்கள், வாங்குவதும் சில நூறு ரூபாய்தான். ஆனால் அங்கே நடக்கும் ஒரு பேச்சு எனக்குக் கவலை தருகிறது. "டி டிரைவ்ல இருக்கதெல்லாம் அப்படியே இருக்கும் அண்ணே" என்று கடைத் தம்பி சொல்வார். அது உண்மை. நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். ஆனால் டெஸ்க்டாப்பில் போட்ட படங்கள் டி டிரைவில் இல்லை. டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன. டாலியின் கணக்கு விவரங்களும், இடத்தை நீங்கள் மாற்றாத வரைக்கும், சி டிரைவில்தான். பிள்ளையின் ஞானஸ்நானப் படமோ பாட்டாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோவோ டெஸ்க்டாப்பில்தானே கிடக்கிறது. அது போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே கொடுக்கும் முன் படங்களை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் திறக்காமலே எடுக்க முடியும். ரிகவரி திரையில் 'கமாண்ட் பிராம்ட்' திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போனால் ஒரு சின்னப் பெட்டி வரும். கீழே டெக்ஸ்ட் ஃபைல் என்றிருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் கம்ப்யூட்டர் முழுக்க அந்தப் பெட்டிக்குள் தெரியும். யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப். வலது கிளிக், காப்பி. பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். இந்தத் திரையில் சி என்பது டி என்றோ இ என்றோ மாறித் தெரியலாம், குழம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் கோப்புறைகளைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு நகலாகியிருக்கிறது என்று காட்டாமல் போகலாம். பொறுமையாக இருந்து, பிறகு பென்டிரைவை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். லேப்டாப்போடு வந்தது விண்டோஸ் ஹோம் என்றால் ஹோமையே போடச் சொல்லுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களின் உரிம எண் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே மதர்போர்டில் பதிந்திருக்கிறது. அதே பதிப்பைப் போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். பணம் கொடுத்து வாங்கிய உரிமத்தின் மேல் திருட்டு விண்டோஸ் புரோவைப் போட்டுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. இரண்டாவது, டாலி உரிமம் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் திறக்கும் நிலையில் இருந்தால் ஃபார்மேட்டுக்கு முன் உரிமத்தை சரண்டர் செய்துவிட (திருப்பி ஒப்படைத்துவிட) வேண்டும்.

நீலத் திரையில் 48 இலக்கம்

புதிய லேப்டாப் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர். சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது. சில அப்டேட்டுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் நடந்தது போல, கம்ப்யூட்டர் திடீரென்று 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டு நிற்கும். அதைக் கொடுத்தால் திறக்கும். கொடுக்காவிட்டால் கழற்றும் வழியும் நோட்பேட் வழியும் எதுவும் நடக்காது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்க முடியாது. மிச்சம் இருப்பது ஃபார்மேட் மட்டும்தான், எல்லாம் போய்விடும்.

கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பார்க்கலாம். சிக்கல் எங்கே என்றால், நம் வீடுகளில் பலர் லேப்டாப் வாங்கிய அன்றைக்குக் கடையிலேயே செட்டப் செய்து வாங்கி வருகிறோம். அங்கே எந்த ஈமெயில் போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடையின் ஈமெயிலாகவும் இருக்கலாம், கப்பலில் வேலைக்குப் போய்விட்ட பையனுடையதாகவும் இருக்கலாம். இன்றைக்கு உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும்போதே செட்டிங்ஸில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். கீயை எடுத்து ஒரு தாளில் எழுதி, ஆதாரும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் பையில் போட்டு வையுங்கள்.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன?

இரண்டு தடவை அடிபட்டவர்கள் இதைத்தான் கேட்பார்கள். சில கடைகளில் கேட்காமலே நிறுத்தியும் கொடுக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: முழுதாக நிறுத்துவது தவறு. ஏன் என்பதற்கு இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2017 மே 12-ல் வன்னாக்ரை என்ற மால்வேர் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் ஏற்றாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அடுத்த ஆண்டு, 2018 அக்டோபர் 2-ல் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்தது. அக்டோபர் 6-ல் அதை நிறுத்தினார்கள். முந்திக்கொண்டு முதல் நான்கு நாளில் ஏற்றியவர்களுக்குத்தான் அந்த நஷ்டம். ஒன்றில் தாமதித்தவர் கெட்டார், இன்னொன்றில் அவசரப்பட்டவர் கெட்டார். இரண்டிலும் தப்பியிருக்கக் கூடியவர் ஒன்றிரண்டு வாரம் தள்ளி ஏற்றியவர்.

அதற்கான வசதி விண்டோஸ் ஹோமிலேயே இருக்கிறது. 'பாஸ் அப்டேட்ஸ்' பட்டனில் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். ஐந்து வாரம் முடிந்தால் ஒருமுறை ஏற்றிய பிறகே மறுபடி தள்ள முடியும். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் ஒரு வாரம், மற்றதற்கு இரண்டு வாரம். அதற்கு மேல் வேண்டாம். கூடவே, அப்டேட்டுகளைக் கிடைத்த உடனே தரச் சொல்லும் சுவிட்ச் ஒன்று அதே பக்கத்தில் இருக்கும், அதை அணைத்து வையுங்கள். மாதக் கடைசியில் 'பிரிவியூ' என்று விருப்பத்துக்கு விடப்பட்ட அப்டேட் வரும். அதைத் தொட வேண்டாம். அடுத்த மாதம் சோதித்த பிறகு தானாகவே வரும்.

ஒவ்வொரு தடவையும் ஏறாமல் திரும்பத் திரும்பத் தோற்கும் அப்டேட் வேறு கதை. அதில் பெரும்பாலும் இடப்பற்றாக்குறைதான். 2024 ஜனவரியில் வந்த ஒன்று, டிஸ்க்கில் மறைந்திருக்கும் ரிகவரி பகுதி சின்னதாக இருந்ததால் ஏறாமல் நின்றது. கம்ப்யூட்டர் மற்றபடி ஒழுங்காக ஓடினால் அதற்காக ஃபார்மேட் அடிப்பது வேண்டாத வேலை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இது இலவசம், இல்லையென்றால் 30 டாலருக்கு ஈடான தொகை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும். இன்றைக்கு விண்டோஸ் 10 ஓடும் எந்த வீட்டுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் விண்டோஸ் 11-க்குப் போகலாம். அதற்குக் கீழே உள்ளதில் குறுக்கு வழியில் ஏற்றித் தரவும் ஆட்கள் உண்டு. அப்டேட்டால் வந்த தலைவலியைத் தீர்க்க நினைப்பவர், அப்டேட் வருமா வராதா என்ற உத்தரவாதமே இல்லாத நிலைக்குப் போவது சரியல்ல.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ், பழைய லேப்டாப்புக்கு நல்ல வழி. தமிழக அரசு கொடுத்த ஆரம்ப கால இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, நாம்தான் திறந்து பார்க்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். படிப்பு, யூடியூப், வீடியோ கால், பேங்க் இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை போதும். அப்டேட்டை எப்போது ஏற்றுவது என்பதும் உங்கள் கையில். ஆனால் டாலி அதில் நேரடியாக ஓடாது. நம் ஊர் ஜெராக்ஸ் கடை, டிடிபி மேசை எல்லாவற்றிலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டரை அதில் ஓட வைப்பது பெரிய பாடு. எனவே அழித்துப் போடும் முன், மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா. அடிக்கவில்லை என்றால் விண்டோஸ் 10 நீட்டிப்பில் சேர்ந்துகொண்டு, அது முடிவதற்குள் கம்ப்யூட்டரை மாற்றுவதா பிரிண்டரை மாற்றுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.